செஞ்சி முற்றுகைக்கு எத்தனை மூட்டை நெல்?

திங்கள், செஞ்சி

செஞ்சி முற்றுகையை வைத்து நான் எழுதும் நாவலில் தேசிங்கு ராஜா எப்போது வருவார் என்று கேட்டு எழுதிக்கொண்டே இருக்கும் வாசகர்களுக்கு, பயணம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன்: வரமாட்டார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதித் தேசிங்கு உயிரை விட்டது 1714 அக்டோபரில். என் கதை 1698-இன் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இருபத்திரண்டு வயதில் இறந்தவர் என்பார்கள். அப்படியானால் என் கதை முடிகிற நாளில் அவர் ஆறு வயதுப் பிள்ளை.

இதைச் செஞ்சியில் யாரிடமும் சொல்லிவிட முடியாது. திண்டிவனத்தில் பஸ் ஏறியபோதே பக்கத்து இருக்கைப் பெரியவர் தேசிங்கின் குதிரையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். லாட்ஜில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிய பையன், "தேசிங்கு கோட்டையைப் பார்க்க வந்தீர்களா அம்மா?" என்றான். ஓராண்டுகூட முழுதாக ஆளாத ஓர் இளைஞனைக் கதைப்பாடல் முந்நூறு ஆண்டுகளாகத் தூக்கிச் சுமக்கிறது. அதே கோட்டையில் எட்டு ஆண்டுகள் முற்றுகைக்குள் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமுக்கு ஊரில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. பாட்டுக்குப் போர்க்களத்துச் சாவு வேண்டும். முற்றுகையில் நடப்பதெல்லாம் காத்திருப்பதும் சாப்பிடுவதும்தான். எனக்கோ அந்தச் சாப்பாடுதான் வேண்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கதையின் பின்னணி. 1689 மார்ச்சில் மராட்டிய அரசர் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார். தம்பி ராஜாராமுக்கு அப்போது பத்தொன்பது வயது. பன்ஹாளா கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, கெளதி ராணி சென்னம்மாவின் நாட்டு வழியாகத் தெற்கே வந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் செஞ்சி சேர்ந்தார். 1677-இல் தகப்பன் சிவாஜி பிடித்து வைத்த கோட்டை இது. மறு ஆண்டே மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் படையோடு வந்து இறங்கினார். 1698 வரை மராட்டியர்களின் தலைநகரம் இந்தச் செஞ்சிதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சம் ஒன்று இது.

இன்று ராஜகிரி ஏறினேன். எண்ணூறு அடி உயரம். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் ரசீது கொடுத்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இருபதடிக்கு மேல் அகலம், மூன்று ஆள் விழுந்தாலும் தெரியாத ஆழம். குறுக்கே ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கம், கோட்டை இந்தப் பக்கம். கையில் வேலோடு நான்கு பேர் நின்றால் போதும், எவ்வளவு பெரிய படையும் தயங்கும். வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் நின்று இதைத்தான் பேசுகிறார்கள்.

நான் பாலத்தில் நின்றபடி கீழே வந்த படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நான்கு பேருக்கும் சோறு இந்த வழியாகத்தானே வந்திருக்க வேண்டும்? அரிசியாக வந்ததா, நெல்லாக வந்ததா? நெல்லென்றால் மேலே உரல் வேண்டும், குத்துகிற பெண்கள் வேண்டும், விறகு வேண்டும். தண்ணீருக்குக் கவலை இல்லை, மலைமேல் சுனை இருக்கிறது. விறகுக்கு?

செவ்வாய், செஞ்சி

செஞ்சியின் நெல் சந்தையை அறியாத நெல் வியாபாரி இந்தப் பக்கத்தில் கிடையாது. கோட்டையை விட்டுவிட்டுக் காலையில் முதல் வேலையாக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே டிராக்டர்களும் மினி லாரிகளும் வழியை அடைத்து நின்றன. உள்ளே கூரைக்கு அடியிலும் வெளியிலும் மூட்டைகள், மூட்டைகளுக்கு நடுவே ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து. சந்து முழுக்க நெல் தூசி. தும்மாமல் ஒருவரும் பேசி முடிக்கவில்லை.

ஒரு பெரியவர் அவிழ்த்த மூட்டைக்குள் முழங்கைவரை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். மேலாக இருப்பதை எடுக்கவில்லை. இரு கையாலும் கசக்கி, உமியை ஊதிவிட்டு, நான்கு அரிசியை முன்பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று சத்தம் கேட்டது. "காய்ச்சல் சரியாக இருக்கிறது. இது நிற்கும்" என்றார். ஈர நெல்லாக இருந்தால் பல்லில் நசுங்குமாம், உடையாதாம். நாலடி தள்ளி மேசைமேல் ஈரப்பதம் பார்க்கும் கருவி இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்படிக் காய்ந்த நெல் எத்தனை வருஷம் தாங்கும் ஐயா?"

"இரண்டு வருஷத்துக்குப் பயமில்லை. எலியும் மழைச்சாரலும் படாமல் வைத்தால் அதற்கு மேலும் வைக்கலாம். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?"

"பத்தாயிரம் பேர் சாப்பிட வேண்டும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யார் வீட்டுக் கல்யாணம் அம்மா?"

கல்யாணம் இல்லை, கதை என்றேன். பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரும் சேர்ந்துகொண்டார். மூவருமாகக் கணக்குப் போட்டோம். பத்தாயிரம் பேர் என்பது நான் வைத்துக்கொண்ட எண், ஏடு சொல்வதல்ல. உழைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு கிராம் அரிசி. பத்தாயிரம் பேருக்கு ஆறு டன். அதற்கு நெல் ஒன்பது டன்னுக்குச் சற்று மேலே. எழுபத்தைந்து கிலோ மூட்டையாக நூற்றிருபதுக்கும் அதிகம். "தினமும் ஒரு லாரி" என்று மூட்டை தைப்பவர் முடித்துவைத்தார். குதிரைக்குக் கொள்ளு இந்தக் கணக்கில் வராது.

அந்தத் தாளோடு கோட்டைக்குப் போய்க் கல்யாண மகாலுக்கு அருகில் உள்ள தானியக் களஞ்சியத்துக்குள் நுழைந்தேன். (கல்யாண மகாலைப் பற்றிப் படங்களோடு எல்லோரும் எழுதிவிட்டார்கள், மண்குழாய் வழியாக மாடிக்குத் தண்ணீர் ஏற்றியதைத் தவிர எனக்கு அதில் வேலை இல்லை.) வளைவுக் கூரை, கையகல வெளிச்சம், வௌவால் வாடை. பையிலிருந்த தையல்காரர் நாடாவை எடுத்துச் சுவரை அளக்கத் தொடங்கியதும் காவலாளி வந்துவிட்டார். இடம் வாங்கப் போகிறேனோ என்று சந்தேகம் போலும். விஷயத்தைச் சொன்னதும் நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

எட்டு ஆண்டு நெல்லையும் ஒரே கிடங்கில் கொட்ட வேண்டுமானால், முப்பதடி உயரமும் நூறடி அகலமும் வைத்துக்கொண்டாலும், நீளம் ஐந்நூறு அடிக்கு மேல் வேண்டும். நான் நின்ற இடம் அதற்கு ஒரு மூலைக்குக்கூட வராது. மாலையில் கிருஷ்ணகிரியில் ஏறியும் பார்த்தேன். அங்கும் களஞ்சியம் உண்டு; எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைத்ததாகச் சொல்லும் தொட்டிகளும் உண்டு. எல்லாவற்றையும் நிரப்பி வைத்தாலும் எட்டு ஆண்டு என்பது கனவில்கூட நடக்காது.

ஆக, நெல் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது, முற்றுகை நடக்கும்போதே! கிருஷ்ணகிரி மேலிருந்து பார்த்தால் இது எளிதாக விளங்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்று மூன்று மலைகள். மூன்றையும் கோத்துக் காடும் பாறையுமாக ஒரு மதில். அதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் ஆள் நிறுத்தச் சுல்பிகர் கானிடம் ஆள் இல்லை. ஒரு பக்கம் பீரங்கி முழங்க, மறுபக்கம் வண்டி போய்வந்தது.

புதன், தேசூர் வழியாக வந்தவாசி

இன்றைய வழிக்காகவே இந்தப் பயணம் என்று சொல்லலாம். செஞ்சியிலிருந்து வடகிழக்கே வந்தவாசிக்குப் போகிற சாலையில் தேசூர் என்று ஓர் ஊர். பஸ்ஸில் போனால் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் ஊர் கடந்துவிடும். 1693 ஜனவரியில் மொகலாயப் படையின் மானம் இங்கேதான் கப்பலேறியது.

1692 டிசம்பரில் மராட்டியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் மேற்கிலிருந்து குதிரைப் படைகளோடு தமிழகத்துக்குள் இறங்கினார்கள். காஞ்சிபுரத்து பௌஜ்தார், அதாவது மொகலாயப் படை அதிகாரி, அலி மர்தான் கானைச் சாந்தாஜி சிறைபிடித்தார். செஞ்சியைச் சுற்றியிருந்த மொகலாய முகாமுக்குத் தானியம் வரும் பாதைகளெல்லாம் அடைபட்டன. கோட்டைக்குள் இருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றுகை போட்டவர்கள் பட்டினி. சுல்பிகர் கான் வேறு வழியில்லாமல் தாமே படையோடு வந்தவாசிக்குப் புறப்பட்டு, மாடுகளில் தானியம் ஏற்றி வந்து விற்கும் லம்பாடிகள் கொண்டுவந்து குவித்திருந்த தானியத்தை எடுத்துக்கொண்டு திரும்பினார். வழியில், தேசூரில், சாந்தாஜி காத்திருந்தார்.

தேசூரில் இறங்கி ஏரிப் பக்கமாக நடந்தேன். வயலில் நடவு முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். வரப்பு குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒருவர் சேற்றில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். ஜனவரி என்றால் ஏரி நிரம்பி, வயலெல்லாம் ஈரமாக இருந்திருக்கும். சுமை மாடுகள் நாளொன்றுக்கு எட்டு மைல், மிஞ்சினால் பத்து மைல் போகும். முதுகுச் சுமையோடு மிரண்டுபோன ஆயிரக்கணக்கான மாடுகள், நடுவில் குதிரைகள், ஆனைகள், இருபுறமும் சேறு. தல்பத் ராவ் புந்தேலா என்ற ராஜபுத்திரத் தளபதி நின்று சமாளித்ததால் சுல்பிகர் தப்பினார். எஞ்சிய தானியம் முகாம் போய்ச் சேர்ந்தது, ஆனால் அது நாலு நாளைக்குக் காணாது.

வரப்பில் எதிரே வந்த பெண்மணியிடம் இங்கே ஒரு சண்டை நடந்தது தெரியுமா என்று கேட்டேன். "போன வாரம் மடைத் தண்ணீருக்கு நடந்ததே, அதையா கேட்கிறீர்கள்?" என்றார்.

வந்தவாசி வந்து சேரும்போது இருட்டிவிட்டது. கோரைப் பாய் கட்டுகளை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நின்று நின்று வந்ததில் நேரம் போயிற்று. இந்த ஊரைச் சரித்திரப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு 1760-இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்ற சண்டைதான் நினைவிருக்கும். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

வியாழன், வந்தவாசி

கோட்டையில் மிஞ்சியிருக்கும் மதிலைக் காலையில் ஒரு சுற்றுப் பார்த்ததோடு சரி. பகல் முழுக்க லாட்ஜ் அறையில் எழுதினேன்.

இன்று எழுதியது காம் பக்ஷ் கைதாகும் அத்தியாயம். ஔரங்கசீபின் செல்ல மகன், முகாமின் பெயரளவுத் தலைவன். சக்கரவர்த்தி இறந்துவிட்டார் என்று வதந்தி பரவியதும், ராஜாராமோடு இரகசியமாகப் பேச்சு வைத்துக்கொண்டான். சுல்பிகரும் அவர் தகப்பன் அசத் கானும் இளவரசனையே பிடித்துக் கட்டினார்கள். எண்ணிப் பாருங்கள்: வயிற்றுக்கு இல்லை, வெளியே சாந்தாஜி, கூடாரத்துக்குள் விலங்கு பூட்டிய இளவரசன். கடைசியில் பெரிய பீரங்கிகளைத் தாங்களே பாழாக்கிவிட்டு, மராட்டியரோடு ஏற்பாடு செய்துகொண்டு, இதே வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால் மிகை என்று திட்டியிருப்பீர்கள்.

எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். நடந்த சண்டையின் நாளையோ இடத்தையோ நகர்த்துவதில்லை. இறந்தவர்களைப் பிழைக்க வைப்பதில்லை. ஏட்டில் பெயர் இல்லாதவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு முழுச் சுதந்திரம். அதனால் என் கதையின் முதன்மைப் பாத்திரம் அரசரும் இல்லை, தளபதியும் இல்லை. கோட்டைக்குள் நெல் அளக்கும் கணக்கர்.

அந்தக் கணக்கருக்கு எதிர்த்தரப்பில் ஒரு சோடி கிடைத்திருக்கிறது, அவர் நிஜம். பீம்சேன் என்று பெயர். தல்பத் ராவிடம் எழுத்தராக இருந்தவர். முகாமில் இருந்தபடியே பார்த்ததையெல்லாம் பாரசீகத்தில் எழுதி வைத்தார். சுல்பிகர் நினைத்திருந்தால் வந்த அன்றே செஞ்சியைப் பிடித்திருக்கலாம், தளபதிகள் தங்கள் லாபத்துக்காக வேலையை இழுத்தடிப்பது வழக்கம் என்று வெளிப்படையாகவே எழுதுகிறார். படை நிற்கும்வரை பணம் வரும், அதிகாரம் நிற்கும். ஔரங்கசீபோ எழுபதைத் தாண்டியவர். அவருக்குப் பின் தக்காணம் யாருக்கு என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். செஞ்சி விழுந்துவிட்டால் சுல்பிகருக்கு இங்கே என்ன வேலை?

வந்த அன்றே என்பது பீம்சேனின் எரிச்சல். அதை அப்படியே நம்பமாட்டேன். மழையையும் மலையையும் நோயையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் வேண்டுமென்றே இழுத்தார்கள் என்பதை நம்புகிறேன். 1694-இல் சுல்பிகர் முற்றுகையை மறுபடி தொடங்குவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்க் கப்பம் வாங்குவதில் காட்டிய சுறுசுறுப்பைப் பாருங்கள். நடுவில் சிக்கியவர்கள் ஊர்க்காரர்கள். ஒரே கிராமத்துக்கு மொகலாயர் ஆளும் மராட்டியர் ஆளும் தனித்தனியாக வரி கேட்டு வந்தார்கள். இருவருக்கும் கொடுத்துவிட்டு எஞ்சியதுதான் விதை நெல்.

மாலையில் பதிப்பகத்திலிருந்து தொலைபேசி. அட்டைப்படத்தில் குதிரை ஒன்று வேண்டுமாம், முன்னங்கால் தூக்கி நிற்பதாக.

வெள்ளி, கடலூர்

நெல் வாங்கக் காசு வேண்டுமல்லவா? அந்தக் காசைத் தேடித்தான் கடலூர்.

ராஜாராம் வடக்கே இருந்த தம் படைத்தலைவர்களுக்குச் சம்பளமாக நிலம் எழுதிக்கொடுத்தார். அதில் பெரும்பாலான நிலம் அப்போது மொகலாயர் கையில் இருந்தது. பிடித்தால் உனக்கு என்று பொருள். அந்தத் தந்திரம் படை சேர்க்கப் பயன்படும், செஞ்சியில் லம்பாடிக்குக் கொடுக்கப் பயன்படாது. அவன் ரொக்கம் கேட்பான். கடற்கரையில் ரொக்கம் வைத்திருந்தவர்கள் ஐரோப்பியர்.

1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராம் ஆங்கிலேயருக்கு விற்றார். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு சுற்றுப்புற நிலமும் சேர்த்தி. எவ்வளவு நிலம் என்பதற்கு அளவுகோல், பீரங்கிக் குண்டு. கோட்டையிலிருந்து சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ அதுவரை வாங்கியவர்களுக்கு. விற்ற தரப்பு ஏதோ நாலு தோப்பு போகும் என்று நினைத்திருக்கும். வாங்கியவர்கள் விவரமானவர்கள், குண்டை அதிகத் தூரம் போக்குவது சுடுகிறவன் கைத்திறன் என்று சென்னையிலிருந்து குறிப்பும் போனது. செப்டம்பரில் நாலாபக்கமும் சுட்டார்கள். கடலூர் நகரமே வளையத்துக்குள் வந்துவிட்டது. அப்படிப் போன ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர். குண்டு உப்பலவாடி என்ற பெயர்ப்பலகையை இன்று பஸ்ஸிலிருந்து பார்த்தபோது இருக்கையை விட்டு எழுந்தே விட்டேன்.

கோட்டையில் பார்க்க அதிகம் இல்லை. 1758-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து இடித்த பிறகு மிஞ்சிய செங்கல் கட்டுமானம் கொஞ்சம், பக்கத்தில் கெடிலம், அந்தப் பக்கம் கடல். ஆற்றங்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவரிடம் இங்கிருந்து குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டேன். "எந்தப் பக்கம் காற்று அடித்தது?" என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியை அப்படியே நாவலில் வைக்கப்போகிறேன். பீரங்கி சுடும் காட்சியில் ராஜாராமின் ஆளாக என் கணக்கர் நிற்பார். ஒவ்வொரு முழக்கத்துக்கும் எத்தனை கிராமம் போகிறது, அதற்கு எத்தனை நாள் நெல் வருகிறது என்று விரலை மடக்குவார்.

சனி, புதுச்சேரி

இங்கும் அதே கணக்குதான், வாங்கியவர் மட்டும் வேறு. 1693-இல் டச்சுக்காரர்கள் ராஜாராமுக்குப் பணம் கொடுத்துப் புதுச்சேரி மேல் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டு, செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேனிடமிருந்து ஊரைப் பிடித்தார்கள். ஐரோப்பாவில் 1697-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஊர் திரும்பப் பிரெஞ்சுக்காரருக்கே வந்தது. அதற்குள் அந்தப் பணம் செஞ்சியில் சோறாகி, செரித்தும் போயிருக்கும்.

முடிவும் சொல்லிவிடுகிறேன், அது எப்படியும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1697-இன் கடைசியில் இனியும் தாமதித்தால் சக்கரவர்த்தி சும்மா விடமாட்டார் என்ற நிலை வந்ததும், இத்தனை ஆண்டு விழாத கோட்டை சில வாரங்களில் விழுந்தது. அதற்கு முன்பே ராஜாராம் வெளியேறிவிட்டார்; வேலூர் வழியாக மகாராஷ்டிரத்து விசால்கட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் குடும்பத்தினர் பலர் கோட்டையிலேயே பிடிபட்டார்கள். வெளியேறிய இரவைப் பற்றி எனக்கு இன்னும் ஒரு வரிகூட எழுத வரவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டுப் போகிற மனிதனை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று பிடிபடவில்லை. வேலூரில் சில நாள் உட்கார வேண்டும்.

சாயங்காலம் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டும் செஞ்சியிலிருந்து வந்தவை; 1750 முதல் 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததன் அடையாளம். தூணுக்குத் தூண் சிற்ப வேலை. அதில் சாய்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். சாப்பிடட்டும்.

அடுத்த மாதத்துக்குள் தேசூர் அத்தியாயத்தைத் திருத்தி முடித்துவிடுவேன். நாவல் அங்கிருந்துதான் தொடங்கும்: சேற்று வரப்பில் இறங்க மறுக்கும் ஒரு சுமை மாடு, அதன் முதுகில் மொகலாயருக்குப் போகிற அரிசி. அட்டைக்குக் குதிரை கேட்டவருக்கு நல்ல கொம்புள்ள மாட்டின் படம் ஒன்றை நேற்றிரவே அனுப்பிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.